பாம்புத்தாரா போஸ் குடுக்கலைங்க, காயுது!



கொஞ்ச நாளா மனசுல கெடந்து உறுத்திக்கிட்டிருந்த ஒரு விஷயம். இன்னிக்கு எழுதிடறேன். நம்ம பதிவர் வட்டத்துல பாதிப் பேர் கையில இப்ப பெரிய லென்ஸ் இருக்கு. மீதிப் பேர் கையில நல்ல ஃபோன் இருக்கு. ஞாயித்துக்கெழமை ஆனா ஏதாவது ஒரு குளத்துக்கரையில ரெண்டு பதிவராவது கண்ணுல மாட்டறாங்க. சந்தோஷமான விஷயம்தான். அதனால இந்தப் பதிவு உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான். கொஞ்சம் நீளம், டீயோட உக்காந்துக்கங்க.

சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். மொட்டை மரத்துல ரெண்டு சிறகையும் விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பாம்புத்தாராவை, பறக்கற படம் வேணுங்கறதுக்காகக் கிளப்பி விடாதீங்க. அது நமக்காக போஸ் குடுக்கலை. அது பாட்டுக்கு ஒரு முக்கியமான வேலையில இருக்கு.

"அட, இதுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க. எந்தப் பறவையையும் துரத்தக் கூடாதுங்கறது பொதுவான நியாயம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தப் பறவை விஷயத்துல துரத்தறதோட விலை கொஞ்சம் ஜாஸ்தி. ஏன் ஜாஸ்திங்கறது அதோட உடம்பைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் விளங்கும். அதுக்குத்தான் இந்த நீளம்.

யாருங்க இந்தப் பாம்புத்தாரா?

பேர்ல பாம்பு இருக்கு, ஆனா பாம்பு இல்லை. தாரான்னா வாத்து, ஆனா இது வாத்தும் இல்லை. நீர்க்காகத்துக்குத்தான் கிட்டத்து சொந்தம். உலகத்துலயே மொத்தம் நாலு வகைதான். அமெரிக்கக் கண்டங்கள்ல ஒண்ணு, ஆப்பிரிக்காவுல ஒண்ணு, ஆஸ்திரேலியா பக்கம் ஒண்ணு, நம்ம தெற்காசியா, தென்கிழக்காசியாவுக்கு ஒண்ணு. நம்ம ஊர் வகைக்கு 1769ல தாமஸ் பென்னன்ட் வச்ச அறிவியல் பேர் அன்ஹிங்கா மெலனோகாஸ்டர். அன்ஹிங்காங்கறது பிரேசில் பழங்குடிகளோட துப்பி மொழியிலருந்து வந்த சொல். மெலனோகாஸ்டர்னா கருப்பு வயித்துக்காரன்னு கிரேக்கத்துல அர்த்தம்.

அலகு நுனியிலருந்து வால் நுனி வரைக்கும் 85லருந்து 97 செ.மீ. வரைக்கும் இருக்கும். அதுல கழுத்தும் வாலும்தான் பெரும்பகுதி. நீந்தும்போது பாக்கணுமே... உடம்பு மொத்தமும் தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளிய. தண்ணிப்பாம்பு தலையைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரியே இருக்கும். முதல் தடவை பாக்கறவங்க "பாம்பு பாம்பு"ன்னு கத்துறது சகஜம். பேர் வச்ச புண்ணியவான் சும்மா வைக்கலை.

மீன் பிடிக்கற விதம் அதைவிட அழகு. நீர்க்காகம் தண்ணிக்குள்ள மீனைத் துரத்திப் பிடிக்கும். இது துரத்தாது. தண்ணிக்கடியில சிறகைக் கொஞ்சமா விரிச்சுக்கிட்டு, பூனை மாதிரி மெதுவாப் போகும். மீன் எட்டற தூரத்துக்கு வந்ததும் கழுத்து ஒரே வீச்சு. கத்தி மாதிரி இருக்கற அலகுல மீனைக் குத்தியே எடுத்துடும். கழுத்துல எட்டாவது எலும்பு பக்கத்துல ஒரு கீல் மாதிரி அமைப்பு இருக்கு. அதனாலதான் சும்மா இருக்கும்போது கழுத்து எப்பவும் ஒரு இடத்துல வெடுக்குனு மடிஞ்ச மாதிரி தெரியும். அந்த மடிப்புதான் வில்லு நாண் மாதிரி வேலை செய்யுது. அலகு ஓரத்துல பின்பக்கமா சாஞ்ச சின்னச் சின்னப் பல்லு மாதிரி இருக்கும், மீன் நழுவாது. மேல வந்து, மீனை உதறி, மேல தூக்கிப் போட்டு, தலைப் பக்கமா முழுங்கும். தலை முதல்ல போனாத்தான் செதிலும் முள்ளும் தொண்டையில குத்தாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நனையறதுதான் முதலீடு

வாத்து தண்ணியில முங்கி எந்திரிச்சா, முத்து முத்தா தண்ணி உருண்டு ஓடிடும். தாமரை இலைத் தண்ணி கணக்கா. பாம்புத்தாராவுக்கு அப்படி இல்லை. உடம்புல இருக்கற இறகெல்லாம் தோல் வரைக்கும் தண்ணி வாங்கிக்கும். "இதுக்கு எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதான் நனையுது"ன்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க. தப்பு. சுரப்பி இருக்கு. நனையறதுக்குக் காரணம் இறகோட அமைப்பு. இறகோட இழைகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி தண்ணியைத் தடுக்கற மாதிரி இல்லை. நீர்க்காகம் கூட இந்த அளவு இல்லை. அதோட இறகுல வெளி ஓரம்தான் நனையும், உள்பக்கம் கொஞ்சம் காத்து தங்கும்.

இது குறைபாடு மாதிரி தெரியும். ஆனா இதுதான் அதோட முதலீடே. இறகுக்குள்ள காத்து இருந்தா உடம்பு மிதக்கும். மிதக்கற உடம்பைத் தண்ணிக்கடியில நிறுத்தி வைக்கக் காலை உதைச்சுக்கிட்டே இருக்கணும். உதைச்சா தண்ணி கலங்கும், மீன் ஓடிடும். பாம்புத்தாரா நல்லா நனைஞ்சு, எலும்பும் கொஞ்சம் கனமா இருக்கறதால, சும்மாவே முங்கும். கவனிச்சுப் பாருங்க, நீர்க்காகம் ஒரு துள்ளு துள்ளித்தான் முங்கும். பாம்புத்தாரா துள்ளாது. நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி, ஒரு அலை கூட இல்லாம அப்படியே இறங்கிடும். 1967ல ஆஸ்கார் ஓவ்ரே என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அன்ஹிங்காவையும் நீர்க்காகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நீந்தறது, பறக்கறது, இரை பிடிக்கறது எல்லாத்துலயும் உடம்பு எப்படி வேற வேற மாதிரி அமைஞ்சிருக்குன்னு ஒரு புத்தகமே போட்டிருக்கார்.

முதலீடுன்னு சொன்னா வட்டியும் உண்டுல்ல? இங்க வட்டி, குளிர். தண்ணி, காத்தைவிட 20 மடங்குக்கும் மேல வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். தோல் வரைக்கும் நனைஞ்ச ஒரு உடம்பு எவ்ளோ சூட்டை இழக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்க வகையை வச்சு 1982ல வில்லார்ட் ஹெனிமன் எழுதின ஆய்வுல சொல்ற விஷயம் இது: அன்ஹிங்காவோட உடம்பு சூடு உண்டாக்கற வேகமும் கம்மி, சூட்டை வெளிய விடற வேகமும் அதிகம். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி. நம்ம மாசக் கடைசி மாதிரி :-) அந்தப் பற்றாக்குறையை சூரியன்கிட்ட கடன் வாங்கித்தான் சரிக்கட்டுது. அதுக்குத்தான் சிறகை விரிக்குது. இந்தக் குடும்பத்துப் பறவைங்க வெயில் சுள்ளுனு அடிக்கற வெப்பமான நாடுகள்லயே இருக்கறதுக்கும் இதுதான் காரணம்.

ஆக, அந்த விரிச்ச சிறகுல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, காயறது. ரெண்டு, சூடு ஏத்தறது. காஞ்ச இறகோடயே அது சிறகை விரிச்சு வெயில் காயறதும் உண்டு. கொடியில காயப்போட்ட வேட்டின்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. சார்ஜர்ல போட்ட ஃபோன்னும் நெனச்சுக்கங்க.

ஒரு கைதட்டல், ஒரு கணக்கு

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழமை, கோவை சிங்காநல்லூர் குளத்துல ஒரு பெண் பாம்புத்தாராவைப் பாத்துக்கிட்டிருந்தேன். (கழுத்து வெளுத்த பழுப்பா இருந்தா பொண்ணு. ஆணுக்குக் கழுத்து கருத்துப் போய், பக்கத்துல வெள்ளைக் கோடு பளிச்சுனு தெரியும்.) அஞ்சு முறை முங்கினதை எண்ணினேன். 30, 42, 38, 25, 45 விநாடி. அஞ்சாவது முங்கல்ல ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டுச்சு. முழுங்கிட்டு, தண்ணிக்கு மேல சாஞ்சிருந்த ஒரு காஞ்ச கிளைக்கு ஏறி வந்துச்சு. ஏறி வந்துச்சுன்னுதான் சொல்லணும், பறந்து வரலை. நனைஞ்ச கோழி மாதிரி தட்டுத் தடுமாறி, காலையும் அலகையும் ஊனி ஏறுச்சு.

அப்ப மணி 7.50. முதுகைச் சூரியனுக்குக் காட்டி சிறகை விரிச்சுது. நல்ல பனி, வெயில் இன்னும் ஏறலை. 8.10க்கு ஒரு தடவை சிறகை உதறிட்டு மறுபடி விரிச்சுது. கரையில எனக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பர் குழு. பேர் ஊர் எல்லாம் வேண்டாம். நல்ல கேமராதான் எல்லார் கையிலயும். சிறகு விரிச்ச படம் எல்லாருக்கும் கெடைச்சாச்சு. அடுத்து "டேக் ஆஃப் ஷாட்" வேணுமாம். ஒருத்தர் கையைத் தட்டினார். நகரலை. பலமா ரெண்டு தட்டு. கழுத்து நேரா நிமிர்ந்துச்சு. மூணாவது தட்டுக்கு...

பறக்கலை மக்களே. அப்படியே தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு.

இதுதான் நான் சொல்ல வந்தது. பாதி காஞ்ச பாம்புத்தாராவுக்குப் பயம் வந்தா, பல நேரம் அது தேடற பாதுகாப்பான இடம் கீழ இருக்கற தண்ணிதான். தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கற கிளையா பாத்து உக்கார்றதே அதுக்கு வசதியாத்தான். நம்ம ஆளுங்க அன்னிக்கு எதிர்பார்த்த படமும் கெடைக்கலை, அதுக்கு இருபது நிமிஷக் காய்ச்சலும் போச்சு. பழைய டயலப் காலத்து டவுன்லோடு ஞாபகம் இருக்கா? 90 சதவீதம் வந்ததுக்கப்புறம் லைன் கட் ஆனா, மறுபடி பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கும். அதே கதை. அந்தப் பறவை 8.30க்கு தூரத்துல வேற ஒரு குச்சியில ஏறி, மறுபடியும் முதல்லருந்து சிறகை விரிச்சுது.

பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

இதை நேர்ல சொன்னப்ப வந்த எதிர்க்கேள்விகளை அப்படியே வைக்கறேன். எல்லாமே நியாயமாக் கேட்ட கேள்விங்கதான்.

"தண்ணிப் பறவைதானே, நனைஞ்சா என்ன?"

இதுக்கு மேலயே பதில் சொல்லியாச்சு. தண்ணிப் பறவைன்னா தண்ணியிலயே கெடக்கறதுன்னு இல்லை. வாத்து நாள் முழுக்க மிதக்கலாம். பாம்புத்தாராவுக்கு ஒவ்வொரு முங்கலும் ஒரு செலவு. மீன் கெடைக்கும்னு தெரிஞ்சு முங்கறது வேற, பயந்து போய் முங்கறது வேற. முன்னதுல வரவு இருக்கு, பின்னதுல வெறும் செலவுதான்.

"ஒரு தடவை கிளம்பிப் போனா செத்தாடா போயிடும்?"

போகாது. ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாது. கழுகைப் பாத்து அது ஒரு நாள்ல எத்தனையோ தடவை பயப்படும்தான். ஆனா கரையில நிக்கறது நாம ஒருத்தர் மட்டும் இல்லையே. நீங்க ஒரு தடவை, அடுத்து வர்றவர் ஒரு தடவை, இன்ஸ்டாகிராம்ல இடத்தைப் பாத்துட்டு அடுத்த வாரம் வர்ற பத்துப் பேர் ஆளுக்கு ஒரு தடவை. நம்ம எல்லாருக்கும் அது "ஒரே ஒரு தடவை". பறவைக்கு அது காலை மொத்தமும். ஒவ்வொரு யூசரும் ஒரே ஒரு ரிக்வெஸ்ட்தான் அனுப்பறான், அதுக்காக சர்வர் படுக்காம இருக்கா என்ன?

"படம் பாத்துத்தானே மக்களுக்கு ஆர்வம் வருது?"

நூத்துக்கு நூறு உண்மை. எனக்கே ஆர்வம் வந்தது யாரோ ஒரு பதிவர் போட்ட படத்தைப் பாத்துத்தான். நம்ம படங்கள் ஈபேர்ட் மாதிரி தளங்கள்ல ஏறும்போது, எந்தக் குளத்துல எந்த மாசம் எது இருந்துச்சுங்கறதுக்கு அது சாட்சியாவும் ஆகுது. 2015லருந்து வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல நடக்கற பறவைக் கணக்கெடுப்புல நம்மள மாதிரி அமெச்சூர் ஆளுங்கதான் முக்கால்வாசி. நான் படமே எடுக்காதீங்கன்னு சொல்லலை. ஆனா அந்த ஆர்வத்தை உண்டாக்க, பயந்து ஓடற பறவையோட படம்தான் வேணுமா? அந்தப் படத்தைப் பாத்து ஆர்வம் வந்தவன் நாளைக்குக் கரைக்கு வந்து என்ன பண்ணுவான்? அவனும் கையைத்தான் தட்டுவான்.

அப்ப எப்படித்தான் எடுக்கறது?

நல்ல சேதி என்னன்னா, பாம்புத்தாராவைப் பொறுத்த வரைக்கும் சும்மா இருக்கறவனுக்குத்தான் நல்ல படம் கெடைக்கும். இது தத்துவம் இல்லை, டெக்னிக்கல் சமாச்சாரம்.

முதல்ல வெளிச்சம். வெயில் காயும்போது இது பெரும்பாலும் முதுகைத்தான் சூரியனுக்குக் காட்டும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி நின்னா, பறவையோட முதுகும் உங்களைப் பாத்துத்தான் இருக்கும். அதோட அழகே முதுகுலதான் இருக்கு. தோள் பக்கத்துலருந்து வெள்ளிக்கம்பி இழுத்த மாதிரி நீள நீளக் கோடுகள். ஆக, நீங்க எங்க நிக்கணுங்கறதை சூரியனே சொல்லிடுது. நீங்க போய் உக்கார வேண்டியதுதான் பாக்கி. பறவை வர்றதுக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டா இன்னும் உத்தமம். ஒரே கிளையைத்தான் அது திரும்பத் திரும்பத் தேடி வரும். வெள்ளையா எச்சம் படிஞ்ச மொட்டைக் கிளை தண்ணி மேல நீட்டிக்கிட்டிருந்தா, அதுதான் அதோட நாற்காலி.

அடுத்தது எக்ஸ்போஷர். கருப்புப் பறவை, பின்னாடி பளபளன்னு தண்ணி. கேமராவை அது இஷ்டத்துக்கு விட்டா பறவை கரித்துண்டு மாதிரி ஆயிடும். முக்கால் ஸ்டாப்பிலருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் கூட்டி வச்சுக்கங்க. அதே சமயம் ஆணோட கழுத்து வெள்ளைக் கோடு வெளுத்துப் போகுதான்னு ஹிஸ்டோகிராம்ல ஒரு கண்ணு வைங்க.

மூணாவது, முங்கல். "எங்க மேல வரும்னே தெரியலை"ன்னு எல்லாரும் புலம்பற இடம். எண்ணுங்க. ஒரே பறவையை நாலு முங்கல் எண்ணினா அதோட கணக்கு ஓரளவு பிடிபட்டுடும். என் சிங்காநல்லூர்ப் பொண்ணு 45 விநாடியைத் தாண்டலை. 20 விநாடி ஆனதும் கேமராவைக் கண்ணுகிட்ட கொண்டு போனாப் போதும். எந்தப் பக்கமா நகந்துக்கிட்டே முங்குதுன்னு பாத்து வச்சா, மேல வர்ற திசையும் பாதி நாள் சரியா வரும். முதல்ல அலகு, அப்புறம் கழுத்து. மீனோட வந்தா அடுத்த சில விநாடிக்குள்ள உதறும், தூக்கிப் போடும். ஷட்டரை 1/2000க்கு மேல வச்சுக்கிட்டுத் தயாரா இருங்க. மீன் அந்தரத்துல நிக்கற அந்த ஒரு படத்துக்கு முன்னாடி, கையைத் தட்டிக் கிளப்பின நூறு டேக் ஆஃப் படம் தூசிக்குச் சமானம். இந்தப் படத்துக்கு யாரையும் பயமுறுத்தத் தேவையே இல்லை.

பறக்கற படமும் கெடைக்கும்ங்க. காஞ்சு முடிச்சதும் அதுவாவே கிளம்பும். கிளம்பறதுக்கு முன்னாடி சிறகை மடக்கும், அலகால கோதிவிடும், எச்சம் போடும், முன்னாடி குனியும். அந்த அறிகுறியைப் படிக்கக் கத்துக்கிட்டா கை தட்டவே வேண்டாம். சிறகை ரெண்டு அடி அடிச்சு, கொஞ்ச தூரம் சறுக்கி, மறுபடி அடிக்கும். நல்ல வெயில் ஏறினதுக்கப்புறம் வட்டமடிச்சு மேல மேல போறதையும் பாக்கலாம். வாலை விசிறியா விரிச்சு, கழுத்தை நீட்டி, ஆகாயத்துல ஒரு சிலுவை மாதிரி.

எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்? மீட்டர் கணக்கு சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டம் பழகின ஊர்க்குளத்துல ஒரு தூரம், ஒதுக்குப்புறமான ஏரியில வேற தூரம். பறவையே சொல்லும். மடிஞ்ச கழுத்து நேரா நிமிர்ந்து, விரிச்ச சிறகு பாதி மடங்கிடுச்சுன்னா, நீங்க ஏற்கனவே கோட்டைத் தாண்டியாச்சு. அங்கயே உக்காருங்க, இல்லை மெதுவாப் பின்வாங்குங்க. சிறகு மறுபடி விரிஞ்சா உங்களை அது ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். அந்த ஒரு நொடிக்கு ஈடா எந்த லைக்கும் எனக்குத் தெரியலை.

கூடு பக்கம் வேண்டவே வேண்டாம்

இங்க மட்டும் நான் நயமா எல்லாம் பேசப் போறதில்லை. பாம்புத்தாரா கொக்கு, நீர்க்காகத்தோட சேர்ந்து தண்ணியில நிக்கற மரங்கள்ல கூட்டமா கூடு கட்டும். குஞ்சு வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும், படம் எடுக்கணும்னு எவனுக்கும் ஆசை வரும். ஆனா பெரிசு எந்திரிச்சுப் போற ரெண்டு நிமிஷத்துக்காகவே பக்கத்துக் கிளையில காக்கா காத்துக்கிட்டிருக்கும்.

இன்னொண்ணு, நெறையப் பேருக்குத் தெரியாதது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ங்கற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கு. சுடறதும் பொறி வைக்கறதும் மட்டும் வேட்டை இல்லை. விரட்டறது, இரை வச்சு இழுக்கறது, பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றது எல்லாமே அந்த விளக்கத்துக்குள்ள வருது. சட்டம் எழுதினவங்க துப்பாக்கிக்காரனை மட்டும் மனசுல வச்சு எழுதலை. டிரோனைத் தூக்கிக்கிட்டுக் கூட்டுக்கு மேல போறவங்க இதை ஒரு தடவை படிச்சுட்டுப் போகலாம்.

கூடவே இதையும் சொல்லிடறேன். பாம்புத்தாரா குடும்பத்துல பறக்கற இறகையெல்லாம் ஒரே சமயத்துல உதிர்த்துட்டுப் புதுசா வளக்கற பழக்கம் உண்டு. அந்தச் சில வாரம் அதுக்குப் பறக்கவே முடியாது. தண்ணி ஒண்ணுதான் தப்பிக்கற வழி. கரையில நின்னு பாக்கற நமக்கு, இது பறக்க முடிஞ்ச பறவையா இல்லையான்னு எப்படித் தெரியும்?

விட்டுக் குடுத்த ஊர்கள்

இதெல்லாம் ரொம்பக் கெடுபிடின்னு தோணுதா? நம்ம ஊர்க்காரங்க விட்டுக் குடுத்ததைப் பாத்துட்டுச் சொல்லுங்க.

வேடந்தாங்கல்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவையைச் சுடறாங்கன்னு ஊர் மக்கள் போய்ப் புகார் சொல்லி, 1798லயே அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட எழுத்து மூலமா உரிமை வாங்கினாங்க. 1858ல அதை மறுபடியும் உறுதிப்படுத்திக்கிட்டாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். 2022ல அந்த ஏரி ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. இன்னிக்கும் கடப்ப மரங்கள்ல பாம்புத்தாரா கூடு கட்டுது, நாம கரையில நின்னு பாத்துட்டு வர்றோம்.

சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி பக்கம் போனா இன்னும் ஆச்சரியம். பறவைங்க மிரளும்னு தீபாவளிக்கே அவங்க வெடி வெடிக்கறதில்லை. சின்னப் பசங்க இருக்கற வீட்டுல தீபாவளிக்கு வெடி இல்லைன்னா என்ன அர்த்தம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தப் பசங்க வளந்து, அவங்க பசங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்த ஊர்ல பொறந்த பறவைதான் வேற சீசன்ல நம்ம ஊர்க் குளத்துக்கு வந்து உக்காந்திருக்கோ என்னவோ. அவங்க ஒரு பண்டிகையோட சத்தத்தையே விட்டுக் குடுத்தாங்க. நாம ஒரு கைதட்டலை விட்டுக் குடுக்க முடியாதா?

இன்னும் ஒரு விஷயம். வேடந்தாங்கல்ல வேலி இருக்கு, வாட்ச்சர் இருக்கார், கோபுரம் இருக்கு. ஆனா பாம்புத்தாரா சரணாலயத்துல மட்டும் இருக்கறதில்லை. நம்ம ஊர்க் குளம், கம்மாய், பெரிய வாய்க்கால்னு எங்க மீன் இருக்கோ அங்க வரும். அங்கெல்லாம் வேலியும் இல்லை, வாட்ச்சரும் இல்லை. இருக்கறது நாம மட்டும்தான். அதனாலதான் இந்தப் பதிவை வனத்துறைக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

நான் கேக்கறது மூணே மூணு. ஒண்ணு, சிறகு விரிச்ச பறவையைக் கிளப்பாதீங்க. பக்கத்துல யாராவது கையைத் தூக்கினா, சண்டை போடாம, "அண்ணா, இன்னும் பத்து நிமிஷத்துல அதுவே பறக்கும், இருங்க"ன்னு சொல்லுங்க. நான் ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டேன், ரெண்டு தடவையும் கேட்டாங்க. ரெண்டு, கூட்டுப் படம் போடாதீங்க, போட்டவருக்கு "ஆஹா சூப்பர் தல" பின்னூட்டமும் போடாதீங்க. மூணு, படத்தோட கூட எப்படி எடுத்தீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. "ஒண்ணரை மணி நேரம் உக்காந்தேன்"னு எழுதினா, அடுத்து வர்றவனுக்கு அதுதான் பாடம்.

பி.கு. 1: சிங்காநல்லூர்ப் பொண்ணோட படங்களை அடுத்த பதிவுல போடறேன். மீன் அந்தரத்துல நிக்கற படம் எனக்கும் இன்னும் சரியா அமையலை. மீனோட வால் ஃப்ரேமுக்கு வெளிய போயிடுச்சு.

பி.கு. 2: உங்க ஊர்ல பாம்புத்தாராவுக்கு வேற பேர் ஏதாவது வழக்குல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த மாவட்டம்னும் சேத்துப் போடுங்க, தொகுத்து வைக்கலாம்.